இரவு பதினொரு மணிக்கு ஏறும் வெப்பம்

இரவு பத்தரை மணி. கலிஃபோர்னியாவின் பெர்க்லி மலைச்சரிவில், வீட்டுத் தோட்டத்து வானிலைக் கருவி 12 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 95 சதவீதம் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரை மணி கழித்து அதே கருவி 21 டிகிரி, 30 சதவீதம் என்று காட்டும். எவருக்கும் முதலில் கருவி மீதுதான் சந்தேகம் வரும். கழற்றிப் பார்க்கும் முன் கடலைக் கவனிக்க வேண்டும்.

கோடையில் கரையோரமாக வீசும் வடமேற்குக் காற்று, கடலின் மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. அந்த இடத்துக்கு ஆழத்துக் குளிர்நீர் ஏறி வருகிறது. சான் பிரான்சிஸ்கோ கரையில் ஜூலை மாதத்திலும் கடல்நீர் 12, 13 டிகிரிதான். அதன்மேல் படிந்த காற்று குளிர்ந்து, ஈரமேறி, கோல்டன் கேட் நீரிணை வழியாக, பெர்க்லிக்கு எதிரே உள்ள சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குள் நுழைகிறது. உயரே, பசிபிக் கடல்மேல் நிலவும் உயரழுத்த மண்டலத்தில் இறங்கும் காற்றோ கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி வீதம் சூடேறுகிறது. குளிர்காற்றுப் பானைக்குச் சூடான காற்று மூடியாகிவிடுகிறது. அந்த மூடி சில நாள் 200 மீட்டரில் இருக்கும், சில நாள் 600 மீட்டருக்கு ஏறும். சரிவில் உள்ள வீடு அதற்கு மேலும் கீழுமாக மாறி மாறி அகப்படுகிறது; மூடி வீட்டுக்குக் கீழே இறங்கினால் சூடான வறண்ட காற்று சூழ்ந்துகொள்ளும். பக்கத்து ஓக்லாந்து நகரிலிருந்து தினமும் இருமுறை பறக்கவிடும் வானிலை பலூனின் பதிவில் மூடியின் உயரம் தெரிந்துவிடும்.

ஈரப்பதச் சதவீதத்தை மட்டும் பார்ப்பவர் இங்கே ஏமாந்துபோவார். காலையில் 12 டிகிரியில் 95 சதவீதமாக இருந்த காற்று, வெயிலில் 18 டிகிரிக்குச் சூடானால் 65 சதவீதம் காட்டும். நீராவி துளியும் குறையவில்லை. பனிநிலை, அதாவது எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் நீராவி நீராகத் தொடங்குமோ அது, இரண்டு நேரத்திலும் 11 டிகிரிதான். கருவியின் மேல் வெயில் பட்டுப் பொய்ச்சூடு காட்டினாலும் பனிநிலை பெரிதாக மாறாது. அந்த இரவிலோ பனிநிலை 11-லிருந்து 3-க்கு விழுந்திருக்கிறது. ஆகவே வந்திருப்பது வேறு காற்று. மலைச்சரிவில் வசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான் என்பேன்.

மழைமானியும் குழப்பும். மரத்தடியில் வைத்தால், மேகமே இறங்கிவந்த விடியலில் இலைகள் மூடுபனியிலிருந்து வடித்த நீர் சொட்டி, ஒவ்வொரு முறையும் 0.2 மில்லிமீட்டராக 'மழை' பதிவாகும். திறந்த வெளியில் இருக்கும் அண்டை வீட்டு மானி சுழியத்தில் நிற்கும்.

இலையுதிர்காலத்தில் பனிநிலை விழுந்தால் உடனே காற்றுத்திசையைப் பாருங்கள். அமைதியாக இருந்தால் மூடி இறங்கியிருக்கிறது. வடகிழக்கிலிருந்து பலமாக வீசினால் அது டயாப்லோ காற்று. உள்நாட்டிலிருந்து மலையைத் தாண்டி இறங்கும் வறண்ட காற்று. 1991 அக்டோபர் 20 அன்று ஓக்லாந்து மலையில் தீயை விரட்டி 25 உயிர்களைப் பலிகொண்டது அதுதான். அப்படிப்பட்ட இரவுகளில் விடியும்வரை ஈரப்பதம் ஏறுவதில்லை. காய்ந்த புல் காய்ந்தே கிடக்கும்.