ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தரச் சான்று: மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்?

ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தேசியத் தரச் சான்று கிடைத்தது என்றால், சுவருக்குப் புதிதாக வண்ணம் அடித்ததற்கான பரிசு என்று நினைப்பவர்கள் உண்டு. தூய்மைக்கென்று காயகல்ப் விருது 2015 முதல் தனியாகவே இருக்கிறது. தரச் சான்று அதைவிட ஆழமாகக் கிளறுகிறது.

மத்திய சுகாதார அமைச்சகம் இதை 2013-இல் கொண்டுவந்தது. சான்று வாங்கவில்லை என்பதற்காக எந்த நிலையத்தையும் மூடிவிட மாட்டார்கள். மருத்துவ அலுவலரும் செவிலியர்களும் முதலில் தங்கள் நிலையத்தைத் தாங்களே மதிப்பிட்டு, குறைகளைச் சரிசெய்ய வேண்டும். பிறகு மாநிலக் குழு வரும்; அதில் தேறினால் தேசிய மதிப்பீட்டாளர்கள். மொத்தத்தில் 70 சதவீதம் எடுத்தால் போதாது, பிரிவு ஒவ்வொன்றும் தனியாக 70 எடுக்க வேண்டும். ஆய்வக மதிப்பெண்ணை வைத்துப் பிரசவ அறையை ஒப்பேற்ற முடியாது.

ஒவ்வொரு கேள்விக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். தடுப்பூசி வைக்கும் குளிர்பதனப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். உள்ளே 2 முதல் 8 டிகிரி வெப்பநிலை இருக்க வேண்டும், தினமும் இரு வேளை அதைக் குறித்துவைக்க வேண்டும். மாதம் முழுவதும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியதுபோல் பதிவேடு இருந்தால், பழகிய கண் உடனே பிடித்துவிடும். அடுத்த கேள்வி செவிலியரிடம் போகும்: புயல் நேரத்தில் மின்சாரம் நின்றால் தடுப்பூசியை என்ன செய்வீர்கள்?

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி முதல் சாயல்குடி வரையிலான கடற்கரை நிலையங்களுக்கு இதில் கூடுதல் சுமை. உப்புக் காற்றில் கட்டில் காலும் ட்ராலியும் சீக்கிரம் துருப்பிடிக்கின்றன. உவர்நீரை ஊற்றினால் கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்யும் பாத்திரத்தில் உப்புப் படிகிறது. கடலோரம் என்பதற்காகச் சலுகை மதிப்பெண் கிடையாது. சான்று பெற்ற, படுக்கை வசதியுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை வரும். அதில் பெரும்பகுதி நிலையத்தின் மேம்பாட்டுக்கு, 25 சதவீதம் வரை ஊழியர்களுக்கு. துருவை வெல்ல அந்தப் பணம் இங்கே உண்மையாகவே தேவைப்படுகிறது.

மதிப்பீட்டாளர்கள் நோயாளிகளிடமும் பேசுவார்கள். மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொன்னார்களா, மருந்தை வெளியே வாங்கச் சொன்னார்களா, யாராவது பணம் கேட்டார்களா என்றெல்லாம் விசாரிப்பார்கள். "எல்லாம் நன்றாகத்தான் பார்க்கிறார்கள்" என்று சொல்லி நகர்வது நம் பழக்கம். டாக்டரம்மா மனம் கோணுமே என்ற தயக்கம் வேறு. நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் குறைப்பட்டியலில் அது ஏறும்.

சான்று மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். இடையில் ஆண்டுதோறும் மாநில அளவில் சரிபார்ப்பார்கள். காலாவதியாகும் முன் மறுபடி முழு மதிப்பீடு. துணை சுகாதார நிலையங்களைக் காணொளி வழியாகவே மதிப்பிடும் முறை 2024 ஜூனில் தொடங்கப்பட்டது. பயணச் செலவு மிச்சம்தான். ஆனால் கேமராவைத் திருப்பாத மூலையை யார் பார்ப்பார்கள் என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது.

சான்று இல்லாத நிலையத்திலும் என்னென்ன சேவை கிடைக்கும், எந்தெந்த மருந்து இருப்பில் இருக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பரிசோதனையின்போது திரை போடச் சொல்லிக் கேட்கலாம். பதில் சரியில்லை என்றால் 104 என்ற எண்ணை அழைத்துப் புகார் சொல்லலாம்.