முக்கோணமை: டோகமாக் பிளாஸ்மாவின் வடிவத்துக்கு ஒரு சொல்

அணுக்கரு இணைவுக்காக, மிகச் சூடான பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் வளையமாக அடைத்து வைக்கும் கருவி டோகமாக். அந்தப் பெயர் ரஷ்ய மொழிச் சுருக்கம். விரித்தால் 'காந்தச் சுருள்கள் கொண்ட வளைய அறை' என்று வரும். பிளாஸ்மா, 'வார்த்து உருவாக்கியது' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல். அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்த வாயுவுக்கு அந்தப் பெயரை 1928இல் வைத்தவர் அமெரிக்க அறிவியலாளர் லாங்மியூர். இரண்டும் ஊன்றிவிட்டன, அப்படியே இருக்கட்டும். தமிழ் வேண்டியது வடிவத்தைச் சொல்லும் சொற்களுக்குத்தான்.

பிளாஸ்மா வளையத்தைக் குறுக்கே வெட்டினால் பழைய கருவிகளில் வட்டம் தெரியும். இன்று பெரும்பாலும் ஆங்கில 'டி' எழுத்து. உயரம் அகலத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது எலாங்கேஷன்: நீட்சி. உச்சி நடுவிலிருந்து உள்பக்கமாக, அதாவது வளையத்தின் மையத்தை நோக்கி, எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை அரை அகலத்தால் வகுத்தால் கிடைப்பது ட்ரையாங்குலாரிட்டி. இதை முக்கோணமை என்கிறேன். முக்கோணத்தன்மை என்று நீட்ட வேண்டாம். பிரான்சில் கட்டப்படும் ஐடர் என்ற டோகமாக்கில் அரை அகலம் 2 மீட்டர், விளிம்பில் நீட்சி 1.85, முக்கோணமை சுமார் 0.48. அதாவது உச்சி கிட்டத்தட்ட 1 மீட்டர் உள்ளே தள்ளி நிற்கும்.

சரி, இந்த வடிவத்தால் என்ன லாபம்? இங்கே நம் கோவை, திருப்பூர் நூற்பாலைச் சொல் ஒன்று கைகொடுக்கிறது: முறுக்கு. நூலில் முறுக்கு அளவு மீறினால் அது சுருண்டு மடிந்துவிடும். பிளாஸ்மாவில் மின்னோட்டம் கூடக்கூடக் காந்தக் கோடுகளின் முறுக்கும் ஏறும். எல்லை மீறினால் பிளாஸ்மாவும் நெளிந்து உடையும். நீட்சி 1.85 இருந்தால், அதே அகல வட்டத்தைவிட இருமடங்குக்கும் மேல் மின்னோட்டத்தைத் தாங்கும். மின்னோட்டம் கூடினால் வெப்பம் இன்னும் மெதுவாகவே வெளியேறும். முக்கோணமை, காந்தக் கோடுகளைக் காந்தப்புலம் வலிமையாக உள்ள உள்பக்கத்தில் அதிகம் ஓடவிட்டு, தாங்கும் அழுத்தத்தை உயர்த்துகிறது. இந்த முறுக்கை அளக்கும் 'பாதுகாப்புக் காரணி' என்ற பாடநூல் சொல்லைவிட முறுக்கு என்றால் எங்கள் பக்கத்து மாணவருக்குச் சட்டென்று பிடிபடும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அந்தக் காரணி கூடினால் முறுக்கு குறைவு.

நீட்சிக்கு விலையும் உண்டு. நீண்ட பிளாஸ்மா மேலோ கீழோ நழுவப் பார்க்கும். சுருள்களின் மின்னோட்டத்தை ஓயாமல் திருத்தி அதைப் பிடித்து வைக்க வேண்டும்.

அப்புறம், 'டி'யைத் திருப்பிப் போட்டால் எதிர் முக்கோணமை. சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள டிசிவி என்ற டோகமாக்கில் இப்படிச் செய்தபோது வெப்பம் நன்றாகவே அடைபட்டது. வெப்பத்தை நன்றாக அடைக்கும் வழக்கமான உயர்நிலை இயக்கத்தில் (எச்-மோட்) சுவரைத் தாக்கும் விளிம்பு வெடிப்புகளும் இதில் எழுவதில்லை.