ஒரு துண்டுதானே என்று ஊட்டாதீர்கள்

வீட்டில் கேக் செய்பவர்கள் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து ஓவனில் வேகும் வாசனைக்கு நானும் அடிமைதான். எனக்குக் கோபமெல்லாம், உணவு ஒவ்வாமை (அலர்ஜி) உள்ள குழந்தைக்கு ஊட்டும்போது சொல்லும் ஒரே ஒரு பேச்சின் மீது: “ஒரு துண்டுதானே, என்ன ஆகிவிடப்போகிறது?” அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்களிடம் வரும்போது அது அழுகையோடு சேர்ந்து, “ஒரு துண்டுதானே டாக்டர் கொடுத்தேன்” என்று மாறியிருக்கும்.

சமீபத்தில் வந்தவள் பள்ளி செல்லும் வயதுச் சிறுமி. முந்திரி ஒத்துக்கொள்ளாது என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். விருந்தில் உறவினர் ஒருவர் தாமே செய்த கேக்கின் மேலிருந்த முந்திரியை அக்கறையாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, மீதியை ஊட்டியிருக்கிறார். முதல் வாயிலேயே குழந்தை “நாக்கில் முள் குத்துகிறது” என்றிருக்கிறாள். “சாக்குச் சொல்லாதே” என்று அடுத்த வாய். எங்களிடம் வந்தபோது உதடு வீங்கி, குரல் கம்மி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். நல்லவேளை, அட்ரினலின் ஊசிக்கு உடனே கட்டுப்பட்டாள். மறுநாள் வீட்டுக்குப் போனாள். அந்த உறவினர் கெட்டவர் இல்லை. குழந்தை இப்படிப் பயந்து பயந்தே வளர்கிறதே என்ற ஆதங்கத்தில் செய்தவர். எனக்கு ஆற்றாமை அதில்தான். தெரியாமல் நேரும் விபத்தைத் தடுப்பது கடினம். தெரிந்தே, அன்போடு, வாயில் வைக்கப்படும் துண்டைத் தடுத்திருக்க முடியும்.

ஒவ்வாமை எப்படி உண்டாகிறது என்ற பாடத்துக்குள் நான் போகப்போவதில்லை. உடம்பு ஓர் உணவுப் புரதத்தை எதிரி என்று முடிவு கட்டிவிடுகிறது. இப்போதைக்கு அவ்வளவு போதும். நான் விரிவாகப் பேச விரும்புவது “கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால் சரியாகிவிடும்” என்ற நம்பிக்கையைப் பற்றி. படித்தவர்கள், படிக்காதவர்கள், பாட்டிகள், இளம் அப்பாக்கள் என்று எல்லோரிடமும் இருக்கிறது இது.

இந்த நம்பிக்கை நூறாண்டுக்கு முன்பே பொய்த்துப்போனது. பிரான்ஸ் நாட்டின் சார்ல் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இரு ஆய்வாளர்கள் கடல் சாமந்தி என்ற உயிரியின் நஞ்சைச் சிறிதளவு நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் முறை தாங்கிய நாய்க்குச் சில வாரங்கள் கழித்து மிகக் குறைந்த அளவைக் கொடுத்தபோது, மூச்சுத் திணறி, வாந்தி எடுத்து, சிறிது நேரத்தில் அது இறந்துபோனது. முதல் அளவு உடம்பைப் பழக்கவில்லை, சண்டைக்குத் தயார்ப்படுத்தியிருந்தது. 1902இல் இதை வெளியிட்டார்கள். 1913இல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அனஃபிலாக்சிஸ் என்று இன்று நாங்கள் அழைக்கும் கடும் ஒவ்வாமை மருத்துவத்துக்குள் நுழைந்த கதை இது. ‘பழக்குவது’ என்ற எண்ணத்தின் தோல்வியிலிருந்துதான் இந்தத் துறையே பிறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே ஒருவர் கை தூக்குவார்: “சீக்கிரமே நிலக்கடலை கொடுத்தால் ஒவ்வாமை வராது என்று படித்தேனே?” சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளைச் சேர்த்தார்கள். 4 முதல் 11 மாத வயதிலேயே நிலக்கடலை உணவைத் தொடர்ந்து சாப்பிட ஆரம்பித்தவர்களிடம், ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை மிகவும் குறைவாக இருந்தது. ஆனால் அது வருமுன் காப்பது. வந்துவிட்ட பிள்ளைக்கு அதே வைத்தியம் பொருந்தாது. வந்துவிட்டவர்களுக்கும் சிறு அளவில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சை ஒன்று உண்டுதான். அது மில்லிகிராம் கணக்கில் அளந்து, ஒவ்வாமை நிபுணரின் மேற்பார்வையில், ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடப்பது. அத்தை கையிலுள்ள பிரவுனித் துண்டில் அந்த அளவுகோல் கிடையாது. ஒரு நிலக்கடலைப் பருப்பில் ஏறக்குறைய 250 மில்லிகிராம் புரதம் இருக்கிறது. சிலருக்கு இரண்டே மில்லிகிராம் போதும், உடம்பு முழுவதும் தடித்துவிடும். ‘கொஞ்சம்’ என்று நீங்கள் நினைப்பது அவர்களுக்கு மலை.

இன்னொரு வாதம் ஓவனை நம்பி எழுவது. அவ்வளவு சூட்டில் வெந்த பிறகு அதில் என்ன மிச்சமிருக்கும் என்பார்கள். கிருமி வேறு, ஒவ்வாமைப் புரதம் வேறு. கொட்டை வகைகளைச் சூடு பெரும்பாலும் அசைக்காது. நிலக்கடலையை வறுத்தால் அதன் புரதம் இன்னும் வீரியமாகிறது என்றுகூட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முட்டையிலும் பாலிலும் மட்டும் கதை கொஞ்சம் மாறும். முட்டை ஒவ்வாமையுள்ள குழந்தைகளில் பெரும்பாலோர், மாவோடு சேர்த்து நன்றாக வேகவைத்த முட்டையைத் தாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் உங்கள் குழந்தை அந்தப் பெரும்பாலோரில் ஒன்றா என்பதை மருத்துவமனையில் சோதித்துத்தான் சொல்ல முடியும். தாங்குகிறது என்று உறுதியான பிறகும் கவனம் வேண்டும்: நடுவில் ஈரப்பதத்தோடு எடுக்கும் பிரவுனியும், பச்சை வெள்ளைக்கரு அடித்துப் பூசும் ஐசிங்கும் ‘நன்றாக வெந்த முட்டை’ ஆகாது. மாவுக் கிண்ணத்தை வழித்து நக்குவதும் அப்படியே. (பச்சை மாவையும் பச்சை முட்டையையும் நக்குவது ஒவ்வாமை இல்லாதவருக்கும் நல்லதல்ல, அதில் கிருமி இருக்கலாம். அந்தப் புலம்பலை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.)

இப்போதெல்லாம் ‘ஆரோக்கியமான’ கேக் செய்பவர்கள் எனக்குப் புதிய தலைவலி. மைதா வேண்டாம் என்று பாதாம் மாவில் செய்கிறார்கள். பால் வேண்டாம் என்று முந்திரியை ஊறவைத்து அரைத்துக் கிரீம் பூசுகிறார்கள். பிறகு, “இதில் பாலும் இல்லை, கோதுமையும் இல்லை, யாரும் தைரியமாகச் சாப்பிடலாம்” என்று தட்டை நீட்டுகிறார்கள். யாரும் சாப்பிடலாமா? கோதுமை இல்லாத மாவுக் கலவைகள் சிலவற்றில் லூபின் என்ற பயறின் மாவு இருக்கும். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. முந்திரிக்கு ஒவ்வாமை இருந்தால் பிஸ்தாவுக்கும் பெரும்பாலும் இருக்கும். வால்நட்டும் பீக்கனும் அப்படி ஒரு ஜோடி. எள் விழுது, மார்சிபான் என்ற பாதாம் விழுது, சர்க்கரைப்பாகில் கொட்டை சேர்த்த பிரலீன், ஹேசல்நட் பூச்சு, பால்பவுடர் கலந்த சாக்லேட், பளபளப்புக்காக ரொட்டி மேல் தடவும் முட்டை எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போகிறவை. இதில் இது இல்லை என்று சொல்வது போதாது. என்னென்ன இருக்கிறது என்று முழுதாகச் சொல்லுங்கள்.

சமையலறையில் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். விருந்தினரில் ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் அவருக்கானதை முதலில் செய்து, மூடி, பெயர் எழுதித் தனியே வையுங்கள்; கொட்டை போட்டதை அதன் பிறகு செய்யுங்கள். சல்லடையைத் தட்டிவிட்டால் சுத்தமாகிவிடாது. பாதாம் மாவு சலித்த சல்லடையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், கம்பி வலையும் விளிம்பும் சேரும் மடிப்பில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். மரக்கரண்டியின் கீறல்களிலும் இதே நிலைதான். அவருக்கென்று வேறு சல்லடை, வேறு கரண்டி எடுங்கள். நிலக்கடலை விழுது தொட்ட கத்தியை ஜாம் பாட்டிலுக்குள் விட்டால் அந்த ஜாமும் போயிற்று. கையைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். கிருமிநாசினி ஜெல் கிருமியைக் கொல்லும், புரதத்தை அப்படியே விட்டுவிடும். கேக்கைப் பரிமாறி முடிக்கும்வரை பொருள்களின் உறைகளைக் குப்பையில் போடாதீர்கள். யாராவது கேட்டால் நினைவிலிருந்து பதில் சொல்வதைவிட உறையைக் காட்டுவது நல்லது. கேக்கின் மேலிருப்பதைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுக்கும் வேலையை மட்டும் யாரும் செய்யாதீர்கள். மன்றாடிக் கேட்கிறேன்.

சரி, சாப்பிட்டாயிற்று, ஏதோ ஆகிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் தொடங்கும், இரண்டு மணி நேரம் வரையும் ஆகலாம். வாயில் அரிப்பு, உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம் எல்லோருக்கும் தெரிந்த அறிகுறிகள். தெரியாதவற்றைத்தான் நான் சொல்ல வேண்டும்: திரும்பத் திரும்ப வாந்தி, விடாத இருமல், மூச்சிளைப்பு, குரல் மாறுதல், முகம் வெளுத்தல், விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரெனத் துவண்டு மடியில் சாய்தல். தோலில் ஒரு புள்ளிகூட இல்லாமலே கடும் ஒவ்வாமை வரும். “தடிப்பே இல்லையே, வெறும் வாந்திதானே” என்று வீட்டில் உட்கார்ந்து நேரத்தைக் கடத்தாதீர்கள்.

அலர்ஜி மாத்திரையை நம்பி உட்காரவும் வேண்டாம். அது அரிப்பையும் தடிப்பையும் அடக்கும். அடைக்கும் மூச்சுக்குழலைத் திறக்காது, இறங்கும் ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்காது. எச்சரிக்கை மணியின் வயரைப் பிடுங்கிவிட்டுத் தீ அணைந்ததாக நம்புவது போன்றது அது. மூச்சு, குரல், மயக்கம் இவற்றில் ஏதாவது தென்பட்டால் முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கம், நடுப்பகுதியில், தசைக்குள் போட வேண்டும். அழுத்தினால் தானே மருந்தைச் செலுத்தும் தானியங்கி ஊசி என்றால் துணியின் மேலேயே குத்தலாம். ஊசி போட்டதும் ஆம்புலன்ஸை அழையுங்கள். ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால், இரண்டாவது ஊசி இருந்தால் அதையும் போடுங்கள். நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் காலை நீட்டி உட்காரட்டும். எழுப்பி நடக்க வைக்காதீர்கள், குளியலறைக்குக்கூட. திடீரென்று எழுந்து நின்ற கணத்தில் இதயம் நின்றுபோனவர்கள் உண்டு. ஊசி போட்டுச் சரியாகிவிட்டது, எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்பவர்களுக்கு: சில மணி நேரம் கழித்து, எதையும் சாப்பிடாமலே, அது திரும்ப வரக்கூடும். எங்கள் கண் முன்னால் திரும்பி வந்தால் நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

“போன முறை லேசான அரிப்போடு நின்றுவிட்டதே” என்பதையும் கணக்கில் எடுக்காதீர்கள். போன முறையை வைத்து அடுத்த முறையைக் கணிக்க முடியாது. ஆஸ்துமா இருந்தால் ஆபத்து கூடுதல். சாப்பிட்டதும் ஓடியாடினாலோ, காய்ச்சல் இருந்தாலோ, மது அருந்தியிருந்தாலோ அதே அளவு உணவு இன்னும் மோசமாகத் தாக்கலாம்.

பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உணவு ஒவ்வாமையால் உயிரிழப்பவர்களில் பதின்வயதினரும் இளைஞர்களும் அதிகம். சிறுவயதில் அம்மா கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை இப்போது அவர்களே கேட்க வேண்டும். நண்பர்கள் முன்னால் “இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?” என்று கேட்க அவர்களுக்குக் கூச்சம். விருந்து கொடுப்பவர் அந்தக் கூச்சத்துக்கு வேலை வைக்கக் கூடாது. கேக்குக்குப் பக்கத்தில் ஒரு சீட்டில் பொருள்களை எழுதி வைத்துவிட்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. யாராவது தன் சாப்பாட்டைத் தானே கொண்டுவந்தால் மனம் நோகாதீர்கள். “என் கையால் செய்ததை ஒரு வாய்கூடத் தொடவில்லை” என்று பிறகு குறை பேசவும் வேண்டாம். அவர் உங்கள் வீட்டுக்கு வந்து, உங்களோடு உட்கார்ந்து, சிரித்துப் பேசிவிட்டுப் போனாரே, விருந்துக்கு வேறென்ன வேண்டும்?

ஊசி பரிந்துரைக்கப்பட்ட குடும்பங்கள் இன்றே அதை எடுத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வெயிலில் நிற்கும் காரிலும் விடாதீர்கள். மருந்து தெரியும் சிறு ஜன்னல் இருந்தால் அதன் வழியே பார்த்து, பழுப்பேறியிருந்தால் மாற்றுங்கள். விருந்துக்குப் போகும்போது அது பீரோவில் இருந்து பயனில்லை. கைப்பையில் இருக்கட்டும், அதைப் போடத் தெரிந்த ஒருவராவது அதே அறையில் இருக்கட்டும்.