எறும்புத்தின்னியின் ஓடு எலும்பா?

குமரி மாவட்டம் குலசேகரத்திலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறாள்: "விடியுமுன் ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போன அப்பா, டார்ச் வெளிச்சத்தில் ஈனாம்பேச்சி (எறும்புத்தின்னி) ஒன்றைப் பார்த்தார். கிட்டே போனதும் சுருண்டு பந்தாகிவிட்டதாம். அந்த ஓடு எலும்பா? புலி கடித்தாலும் உடையாது என்கிறார்களே, உண்மையா?"

எலும்பு இல்லை. ஆமை ஓட்டில் எலும்பு உண்டு. எறும்புத்தின்னியின் ஓட்டில் துளியும் கிடையாது. முழுக்க கெரட்டின்தான். நம் நகமும் முடியும், மாட்டுக் கொம்பின் மேலுறையும் இதே வகைப் புரதம். உடம்பெல்லாம் கெரட்டின் செதில் போர்த்திய பாலூட்டி, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் இந்த ஒரு குடும்பம் மட்டுமே.

அப்படியானால் ஒரு சந்தேகம் வரவேண்டும். நகத்தைச் சின்ன நகவெட்டியால் நறுக்கிவிடுகிறோமே, அதே பொருள் புலியின் பல்லையும் நகத்தையும் எப்படித் தாங்குகிறது? எனக்கு இந்த விலங்கில் ஆகப் பிடித்த சங்கதியே இதுதான்.

ஓட்டை வெறும் கண்ணால் பார்த்தால் மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், நீளவாக்கில் மெல்லிய வரிகள், அடியில் தடிப்பு, விளிம்பில் கூர்மை. அவ்வளவுதான். குறுக்கே அறுத்து மின்னணு நுண்ணோக்கியில் வைத்தால்தான் வேலைப்பாடு தெரியும். கெரட்டின் நிரம்பி, தட்டையாகி, இறந்துபோன செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. எல்லா அடுக்கும் ஒரே திசையில் ஓடுவதில்லை. ஒட்டுப்பலகையில் ஒரு தகட்டின் நரம்பு நெடுக்கே போனால் அடுத்த தகட்டின் நரம்பு குறுக்கே போகுமே, அதே ஏற்பாடு. மரத்தை நரம்பு வாக்கில் எளிதாகப் பிளக்கலாம். ஒட்டுப்பலகையை அப்படிப் பிளக்க முடியாது.

இன்னும் நுணுக்கமாகப் போனால் வேறொன்று தெரிகிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2016இல் இதை விரிவாக விளக்கினார்கள். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே உள்ள எல்லை வழவழப்பான கோடாக இல்லை. மேடும் பள்ளமுமாக வளைந்து ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டிருக்கிறது. மேலே ஒரு விரிசல் விழுந்தால், நேராக உள்ளே இறங்க அதற்கு வழியில்லை. ஒவ்வொரு எல்லையிலும் திரும்பவேண்டும், வளையவேண்டும், கோத்திருப்பதைப் பிரிக்கவேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் கடியின் ஆற்றல் செலவாகிக்கொண்டே வருகிறது. பாதி வழியிலேயே விரிசலுக்குச் சத்து போய்விடும். எத்தனை அழகான ஏற்பாடு! இத்தனைக்கும் எலும்பைவிட கெரட்டின் எடை குறைவு. கெரட்டினின் அடர்த்தி நீரைப்போல ஏறக்குறைய 1.3 மடங்கு, கெட்டி எலும்புக்கோ 2 மடங்கு.

மற்றது சுருக்கமாக. ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால் பல் நுழைய இடைவெளி கிடைப்பதில்லை. வயிறு, தொண்டை, கால்களின் உட்புறம் ஆகியவற்றில் ஓடு இல்லை. சுருளும்போது அவை உள்ளே போய்விடும், வால் மேலே மூடிக்கொள்ளும். மண் தோண்டித் தோண்டி விளிம்பு தேய்ந்தாலும், நகம்போல அடியிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும். குட்டி பிறக்கும்போது ஓடு மிருதுவாக இருப்பதால் தாய்க்குக் காயமில்லை. சில நாளில் இறுகிவிடும்.

புலி விஷயத்துக்கு வருவோம். சுருண்ட எறும்புத்தின்னியைச் சிங்கங்கள் உருட்டிப் பார்த்துவிட்டு விட்டுப்போன காட்சிகள் ஆப்பிரிக்காவில் படமாகியிருக்கின்றன. ஆனாலும் புலியும் சிறுத்தையும் சில நேரம் கொன்று தின்பதுண்டு. உடையவே உடையாது என்பது மிகை.

இந்தக் கவசத்தால் சற்றும் தடுக்க முடியாத எதிரி மனிதன். சுருண்டதைத் தூக்கிச் சாக்கில் போட்டால் தீர்ந்தது. மூலநோய்க்கு ஓட்டில் மோதிரம், கண்ணேறுக்குக் கயிற்றில் ஒரு துண்டு என்று நம் ஊரிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நோயைத் தீர்க்கும் எதுவும் அதில் இல்லை. விரல் நகத்தில் உள்ளதுதான் அதிலும். பாரம்பரிய மருத்துவத்தில் பெரிதும் பயன்படுத்திவந்த சீனாவே 2020இல் தன் அதிகாரபூர்வ மருந்துப் பட்டியலிலிருந்து எறும்புத்தின்னி ஓட்டை எடுத்துவிட்டது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது. வேட்டையாடினால் 3 ஆண்டுக்குக் குறையாத சிறை.

புலிக்கு 1973இலிருந்து, யானைக்கு 1992இலிருந்து தேசியத் திட்டம் இருக்கிறது. பகலெல்லாம் வளையில் கிடந்து இரவில் மட்டும் கறையானும் எறும்பும் தேடி அலையும் இந்த விலங்கைக் கணக்கெடுக்கக்கூட ஆளும் பணமும் போதவில்லை என்பது என் ஆதங்கம். கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கத்துக் காடுகளை ஒட்டிய ரப்பர் தோட்டங்களில் தானியங்கிக் கேமராக்களை வைக்கவேண்டும். எங்கே வைப்பது என்று பால்வெட்டுக்காரர்களைக் கேட்டால் வளை இருக்கும் இடத்தையே காட்டுவார்கள்.