ஒரே ரசீது, இரண்டு குடும்பங்கள்

ஜூலை மாதம் வந்தால் என் மேசையில் பள்ளிக் கட்டண ரசீதுகள் குவியும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். ஒரு முறை ஒரே நாளில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வங்கி அதிகாரி. இன்னொருவர் டீக்கடை வைத்திருப்பவர். கடனுக்கு விண்ணப்பிக்க வரிக் கணக்கு தேவை என்று வந்தார். இருவரின் பிள்ளைகளும் ஒரே தனியார் பள்ளியில் படிக்கிறார்கள். இருவர் கையிலும் 60,000 ரூபாய்க்கு டியூஷன் பீஸ், அதாவது பள்ளியின் கற்பிப்புக் கட்டண ரசீது.

இப்படிப்பட்ட கழிவுகளுக்கு இடம் தரும் பழைய வரிமுறையில், 80சி பிரிவின் கீழ் இந்தக் கட்டணத்தை வருமானத்திலிருந்து கழித்துக் கொள்ளலாம். அதிகாரி 30 சதவீத வரி கட்டுபவர். பி.எஃப்., எல்ஐசி எல்லாம் போக, அந்தப் பிரிவின் மொத்த உச்சவரம்பான 1.5 லட்சத்தில் அவருக்கு இடம் இருந்தது. வரி மேல் போடும் 4 சதவீத செஸ் சேர்த்து 18,720 ரூபாய் வரி மிச்சம். 20 சதவீதம் கட்டுபவராக இருந்தால் 12,480 தான் மிஞ்சியிருக்கும். டீக்கடைக்காரரின் ஆண்டு வருமானம் 4.6 லட்சம். அவருக்கு வரியே இல்லை. "இந்த ரசீதைக் காட்டினா ஏதாவது கிடைக்குமா சார்?" என்று கேட்டார். கிடைக்காது என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. வருமானம் கூடக்கூட உதவியும் கூடுகிறது என்றால், அந்த உதவியைத் தலைகீழாக வடிவமைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

சரி, ஏழைகளுக்குத்தான் தனியாக உதவித்தொகை இருக்கிறதே என்று கேட்கலாம். தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகையை, அதாவது என்எம்எம்எஸ்ஸை எடுத்துக் கொள்வோம். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை தேர்வு எழுதித் தேற வேண்டும். பெற்றோர் வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாடு முழுவதும் ஆண்டுக்கு 1 லட்சம் பேருக்குத்தான் புதிதாகக் கிடைக்கும். தொகை மாதம் 1,000 ரூபாய்.

மத்திய அரசு ஊழியருக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812.50 ரூபாய் வீதம், இரண்டு பிள்ளைகள் வரை கல்விப்படி உண்டு. அதற்குத் தேர்வும் இல்லை, வருமான வரம்பும் இல்லை. அகவிலைப்படி 50 சதவீதம் உயரும்போதெல்லாம் இது தானாகவே 25 சதவீதம் கூடும். 2024 ஜனவரியில் அப்படித்தான் 2,250 இந்தத் தொகையானது. அவர்களுக்குக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 2017இல் ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்று ஆக்கிய என்எம்எம்எஸ் தொகை, நோட்டுப் புத்தக விலை ஏறிய பிறகும் பல ஆண்டுகள் அப்படியே நின்றதை எப்படி நியாயப்படுத்துவது?

இதற்கு நடுவில் மாட்டிக் கொள்பவர்கள்தான் டீக்கடைக்காரரைப் போன்றவர்கள். கட்டாயக் கல்விச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் தரும் 25 சதவீத இட ஒதுக்கீட்டில் நலிவடைந்த பிரிவினருக்கான வருமான வரம்பு தமிழ்நாட்டில் 2 லட்சம். அதிலும் அவர் வரமாட்டார். வரி அடுக்கோடு கட்டிப் போடாமல், பிள்ளைக்கு இவ்வளவு என்று ஒரே தொகையை வங்கிக் கணக்கில் போட்டால் இவருக்கும் ஏதாவது போய்ச் சேரும்.

அது வரும்வரை, இருப்பதையாவது விடாமல் வாங்குங்கள். பழைய வரிமுறையில் இருப்பவர்கள் ரசீதில் டியூஷன் பீஸ் என்று தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். நன்கொடை, வேன் கட்டணம் எல்லாம் கணக்கில் வராது. கணவன், மனைவி இருவரும் வரி கட்டினால் ஆளுக்கு இரண்டு பிள்ளைகள் வரை காட்டலாம். என்எம்எம்எஸ் எழுத ஏழாம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 50. வருமானச் சான்றுக்குக் கடைசி வாரத்தில் இ-சேவை மையத்துக்கு ஓடாதீர்கள்.

இதையெல்லாம் டீக்கடைக்காரரிடமும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம், தன் கடையில் டீ போடுபவரின் மகள் அரசுப் பள்ளியில் எட்டாவது படிப்பதாகச் சொல்லி, அந்தத் தேர்வின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக் கொண்டு போனார்.