பவுடர் கோட்டிங்கை முலாம்னு எழுதாதீங்க

கார் வீலுக்குப் புது கலர் அடிக்கிற வீடியோ, நோட்டீஸ் எதைப் பாத்தாலும், பொடியை அடிச்சுச் சூட்டுல உருக்கி ஒட்டவைக்கிற பவுடர் கோட்டிங்கை "தூள் முலாம்"னு போட்டிருக்கான். முதல்ல ஒருத்தன் எழுதினான்னு விட்டேன், இப்ப ராமநாதபுரத்துலேருந்து மண்டபம் வரைக்கும் ஆளுங்களே வாயில சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

பவுடர்ங்கிறது லத்தீன் 'புல்விஸ்', அதாவது புழுதி, அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போனது. கோட் பழைய பிரெஞ்சுல மேல போட்டுக்கிற உடுப்பு. தொழில் 1950கள்ல ஜெர்மனியில எர்வின் கெம்மர்ங்கிறவர் கிட்டேருந்து ஆரம்பிக்குது, பொடியைக் காத்துல மிதக்கவிட்டு அதுக்குள்ள சூடான இரும்பை முக்கி எடுத்தார். ஸ்ப்ரே கன்ல அடிக்கிறது அதுக்கப்புறம் வந்தது. வரலாறு அவ்வளவுதான்.

இப்ப முலாமுக்கு வருவோம். அது அரபி 'முலம்மா', உருது வழியா வந்தது. அரபின்னு நான் விரட்டல, கீழக்கரை, தொண்டிப் பக்கம் அரபிச் சொல்லு வீட்டுக்குள்ளயே புழங்குது, எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. பிரச்சனை பொருள்ல. தங்க முலாம், வெள்ளி முலாம்னு நாம சொல்றது ஒரு உலோகத்து மேல இன்னொரு உலோகத்தை ஏத்துறது. பவுடர் கோட்டிங்ல ஏறுற உலோகம் எங்க இருக்கு? அது பாலியெஸ்டர் மாதிரி பிசின், கலர் சேத்து அரைச்ச பொடி. டயர், வால்வு எல்லாம் கழட்டி, பழைய பெயிண்டை, மணல் மாதிரி துகளை வேகமா அடிக்கிற பிளாஸ்டிங்ல சுரண்டி, நட் உக்கார்ற இடத்தை டேப் ஒட்டி மறைச்சு, வீலுக்கு எர்த் குடுத்துட்டு கன்ல அடிப்பாங்க, மின்னூட்டம் ஏறின பொடி தானா போய் ஒட்டும், அப்புறம் ஓவன்ல 180, 200 டிகிரியில வச்சா உருகிப் பரவி இறுகும். கடைசியில நிக்கிறது வெறும் பிளாஸ்டிக் மாதிரி ஒரு படலம்.

"சும்மா தடவுறதைத்தான் பூச்சும்பாங்க, இது சூட்டுல உருகி ஒட்டுது, அதனால முலாம்தான் சரி"ன்னு ஒரு வாதம் ஓடுது. பித்தளைச் சட்டிக்கு ஈயத்தை எப்படி ஏத்துறாங்களாம்? அடுப்புல காயவச்சு, ஈயத்தை உருக்கித்தான. அதை எந்தக் காலத்துலயும் ஈயம் பூசுறதுன்னுதான் சொல்லியிருக்கோம், சூட்டையெல்லாம் பூசுங்கிற வினை எப்பவோ தாங்கிருச்சு. அதனால பொடிப்பூச்சு. தூள் பூச்சுன்னாலும் சண்டை போட மாட்டேன், காதுக்குக் கொஞ்சம் உதிர்ற மாதிரி இருக்கு, அவ்வளவுதான். வாய்ப்பேச்சுல பவுடர் கோட்டிங்னே சொல்லுங்க, பட்டறையில எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, தப்பான தமிழுக்கு அது எவ்வளவோ மேல்.

பேரு தப்பானா காசும் போகும். முலாம்னு கேட்டவன் "அண்ணே, குரோம் மாதிரி பளபளன்னு வருமா"ன்னு கேக்குறான், மினுக்கமே இல்லாத மேட் பிளாக் வாங்கிட்டுப் போயி மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்க்கிறான், அங்கங்க திட்டுத்திட்டா மினுங்கி வீல் அசிங்கமாயிருது. நம்ம கரையில இன்னொண்ணு இருக்கு. தனுஷ்கோடி ரோட்டுல ஒரு ஜல்லி தெறிச்சுப் படலத்துல சின்னதா ஓட்டை விழுந்தா போதும், உப்பு அது வழியா உள்ள இறங்கி அலுமினியத்தை அரிச்சுக்கிட்டே போகும், மேல பாத்தா புழு ஊர்ந்த தடம் மாதிரி கோடு கோடா தெரியும். அது மேல ஒட்டியிருக்கிற படலம்னு தெரிஞ்சவன் அப்பப்ப நல்ல தண்ணியில கழுவுவான், அடிபட்ட இடத்தை உடனே மூடுவான். முலாம்னு நம்புறவன் கம்பி பிரஷ்ஷைத் தேடுவான்.

இதையெல்லாம் இங்கிலீஷ்லேருந்து மாத்தி எழுதுற மொழிபெயர்ப்பாளர்கள்ல ஒருத்தராவது பட்டறை வாசல்ல கால் வச்சிருப்பாங்களான்னு தெரியல. "அடுப்பில் 20 நிமிடம் குணப்படுத்தவும்"னு படிச்சேன், சூட்டுல இறுக வைக்கிற 'கியூர்'ங்கிறதை அப்படி மாத்தியிருக்காங்க, வீலுக்கு என்ன காய்ச்சலா? செங்கல்லைச் சுடுறோம், சட்டியைச் சுடுறோம், இதையும் சுடுன்னு எழுத வேண்டியதுதான. எர்த் குடுக்கிறதை, அதாவது 'கிரவுண்ட்' பண்றதை, "சக்கரத்தைத் தரையிறக்கவும்"னு வேற எழுதி வச்சிருக்கு, விமானம்னு நெனச்சுட்டாங்க போல. ரிம்மை விளிம்புன்னு மாத்தின ஒருத்தர் "நான்கு விளிம்புகளையும் கழற்றி எடுத்து வாருங்கள்"ங்கிறார். வீலை விட்டுட்டு விளிம்பை மட்டும் எப்படிக் கழட்டுறதுன்னு அவரையே கூப்பிட்டுக் காட்டச் சொல்லணும்.