ஆயில் கசிந்தால் இன்னும் இறுக்காதீர்கள்

இந்த வாரமும் ஒரு பழைய கார் அதே கோளாறோடு வந்து நிற்கிறது. எஞ்சினுக்குப் பின்னால் கை நுழையாத சந்தில், ஆயில் பிரஷர் கேஜுக்குப் போகும் குழாயை எஞ்சினோடு இணைக்கும் யூனியன். கசிந்திருக்கிறது, டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கியிருக்கிறார்கள். மறுபடி கசிந்ததும் இன்னும் கொஞ்சம் டேப், இன்னும் கொஞ்சம் இறுக்கம். இப்போது அடாப்டர் (குழாயின் நட்டைப் பூட்ட எஞ்சினில் திருகியிருக்கும் துண்டு) உட்காரும் வார்ப்பிலேயே முடி மாதிரி விரிசல் ஓடுகிறது. ஐந்து நிமிட வேலை, எஞ்சினைக் கீழே இறக்கும் வேலையாகிவிட்டது.

இதற்கெல்லாம் வேர் ஒரே ஒரு தப்பான நம்பிக்கை: ஆயிலை அடைத்து நிறுத்துவது மரைதான் என்பது. எத்தனை பேரிடம் சொன்னாலும் மாறவே மாட்டேன் என்கிறது. நேர் மரை ஆயிலை அடைக்காது, அதன் வேலை அழுத்திப் பிடிப்பது மட்டும்தான். அடைப்பது காப்பர் வாஷர், அல்லது ரப்பர் உதடு வைத்த வாஷர், அல்லது குழாய் முனையில் இருக்கும் கூம்பு. அது உட்காரும் முகத்தில் கீறலோ பழைய வாஷர் துணுக்கோ இருந்தால் மரையில் எத்தனை சுற்று டேப் சுற்றினாலும் ஆயில் வரத்தான் செய்யும். நுனி நோக்கிச் சிறுத்துப்போகும் கூம்பு மரை வேறு, அது மரையிலேயே இறுகி அடைக்கும். அதை வாஷர் வைத்த நேர் மரை போல நினைத்து அடிவரை ஓட்டினால் ஆப்பு இறக்கின கதைதான், வார்ப்பு பிளக்கும்.

இதோடு பிரிட்டிஷ், அமெரிக்க மரைக் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. 1/8 பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை) மரையில் அங்குலத்துக்கு 28 சுற்று, கோணம் 55 டிகிரி. 1/8 என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை) 27 சுற்று, 60 டிகிரி. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ஒன்றை இன்னொன்றில் விட்டால் ஒன்றிரண்டு சுற்று ஒழுங்காகப் போய்விட்டுப் பிடித்துக்கொள்ளும். 'நல்லா டைட்டாயிடுச்சு' என்று விட்டுவிடுகிறார்கள். அது டைட் இல்லை ஐயா, ஒரு மரை இன்னொன்றைத் தின்றுகொண்டிருக்கிறது! அரை அங்குல அளவில் இன்னும் மோசம்: இரண்டுக்குமே 14 சுற்று, அதனால் பிடிக்காமலே உள்ளே போய்விடும், அப்புறம் கசியும். மரை அளவுகோலை வைத்துப் பாருங்கள். கண்ணை நம்பாதீர்கள்.

டேப்பை ஏன் இவ்வளவு திட்டுகிறேன் என்றால், கேஜுக்குப் போகும் துளை பெரும்பாலும் ஃபில்டரைத் தாண்டிய ஆயில் பாதையில் இருக்கிறது. பிய்ந்து உள்ளே விழும் டேப் நூலை வடிகட்ட அதற்கு அப்புறம் எதுவும் இல்லை. நேராக பேரிங்குக்குப் போகும்.

சரி, கழற்றுவதைப் பார்ப்போம். முதலில் பேட்டரியின் எர்த்தைக் கழற்றுங்கள். அந்தச் சந்தில் ஸ்பேனர் ஸ்டார்ட்டர் முனையைத் தொட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. துருநீக்கி எண்ணெயை முந்தின நாளே விட்டு ஊறவிடுங்கள். நட்டுக்கு குழாய் நட் ஸ்பேனர், அடாப்டரைப் பிடிக்க இன்னொரு ஸ்பேனர். ஒற்றை ஸ்பேனரால் திருப்பினால் நட்டோடு சேர்ந்து அடாப்டரும் திரும்பும், குழாய் முறுக்கிக்கொள்ளும். பழைய பிரிட்டிஷ் வண்டி பலவற்றுக்கு விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு) ஸ்பேனர் கேட்கும். கிட்டத்தட்டப் பொருந்தும் மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு முனையை மழுக்காதீர்கள். இடம் போதவில்லையா? டிஸ்ட்ரிபியூட்டரையோ ஹீட்டர் ஹோஸையோ கழற்றி வழி செய்துகொள்ளுங்கள், அது வீண் வேலை இல்லை. கொஞ்சம் அசைந்ததும் முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுங்கள். சூடு வேண்டுமென்றால் ஹீட் கன், பெட்ரோல் லைன் பக்கத்தில் தீச்சுடர் வேண்டாம்.

பூட்டும்போது உட்காரும் முகத்தைத் துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். காப்பர் வாஷர் ஒருமுறை நசுங்கினால் கெட்டிப்பட்டுவிடும், புதிது போடுங்கள். புதிது கிடைக்காத அளவு என்றால் மங்கின சிவப்பு வரும் வரை சுட்டு ஆறவைத்து, கருப்பைத் தேய்த்துவிட்டுப் போடலாம். முதல் சில சுற்றுகள் கையால்தான் போக வேண்டும், ஸ்பேனர் கடைசியில்.

காப்பர் குழாயும் அதிர்ந்து அதிர்ந்து நட்டின் கழுத்தில்தான் விரியும். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு சுருள் விடுங்கள், இல்லையென்றால் சூடான ஆயில் அழுத்தத்துக்கென்றே செய்த ஹோஸ் போடுங்கள். தயவுசெய்து பெட்ரோல் ஹோஸை கிளிப் போட்டு மாட்டாதீர்கள். அந்த லைனில் 40, 50 பிஎஸ்ஐ அழுத்தம் இருக்கும், பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் கொதித்துக்கொண்டிருக்கும். பீய்ச்சினால் தீதான்.

அடாப்டர் உள்ளேயே முறிந்துவிட்டால் அத்தோடு நிறுத்தி, அப்படியே கொண்டுவாருங்கள். முறிந்த துண்டைக் கழற்றும் ஈஸி-அவுட்டைத் தட்டி அதையும் உள்ளே முறித்துவிட்டால், அந்தக் கெட்டி எஃகில் சாதாரண டிரில் ஏறவே ஏறாது.